நல்ல பெயர் வாங்கிய பாவி

எப்படியாவது பத்து நாளுக்குள் கெட்ட பெயர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். நல்ல பெயர் வாங்குவது சுலபம். யார் வம்புக்கும் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாக வந்து சேரும். கெட்ட பெயருக்குத்தான் பாடுபட வேண்டும். பாடுபடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் சிவஞானம். செகந்திராபாத் தமிழன். வெள்ளைக்காரன் காலத்தில் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்த குடும்பம். நான் மட்டும் ரயிலேறாமல் நகராட்சியில் சீனியர் அசிஸ்டென்ட் ஆகிவிட்டேன். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் மெமோ வரும். எங்கள் வார்டு ஆபீஸ் மௌலா அலியில் இருக்கிறது. ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு மாவு மில், படுத்தபடியே குரைக்கும் ஒரு நாய். தூரம் அவ்வளவுதான்.

அந்தத் தூரம்தான் நான் வாழ்க்கையில் சேர்த்த சொத்து. காலையில் பதினொரு மணிக்கு மேஜைமேல் ஒரு ஃபைலைத் திறந்து வைத்து, மூக்குக்கண்ணாடியை அதன்மேல் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். பார்க்கிறவர்கள் நான் பாத்ரூம் போயிருப்பதாக நினைப்பார்கள். நான் சமையற்கட்டில் ஊத்தப்பம் தின்றுகொண்டிருப்பேன். மத்தியானம் ரசம் நுரைத்து எழும்பும் நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றுவேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வேன். நாலு மணிக்கு மறுபடி ஒரு நடை. பஜ்ஜி. ஆறின சாதம் எனக்கு ஆகாது. தொண்டைக்குள் இறங்காமல் நின்று விசாரணை நடத்தும். என் மனைவி விஜயகுமாரி கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஆறின சோறு போட்டதில்லை. அவள் எப்போது சாப்பிடுவாள் என்று கேட்கிறீர்களா? அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எனக்கெப்படித் தெரியும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு திங்கட்கிழமை ஸ்ரீனிவாஸ் மண்ணை அள்ளிப் போட்டான்.

ஸ்ரீனிவாஸ் எனக்கு அடுத்த மேஜை. அவனும் லாலாகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழன். எனக்கு அடுத்த தெருவில் வீடு. அவனும் என்னைப் போலவே சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடுகிறவன். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் என் நாற்காலிமேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"சார், கங்கிராட்ஸ்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கைக்கு?" என்றேன். எங்கள் ஊர் ஹிந்தியில் 'எதற்கு' என்று அர்த்தம்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! கவுன்சில் மீட்டிங்ல இந்த வருஷம் சிறந்த ஊழியர்களுக்கு சன்மானம் பண்றாங்கல்ல, நம்ம வார்டுல உங்க பேரு!"

எங்கள் ஊரில் சன்மானம் என்றால் தமிழ்நாட்டுச் சன்மானம் இல்லை. கவரில் வைத்து எதுவும் தரமாட்டார்கள். நாற்காலியில் உட்கார வைத்துச் சால்வை போட்டு, கையில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுப்பார்கள். கூடவே மனைவியையும் உட்கார வைப்பார்கள். அவளுக்குக் குங்குமமும் ரவிக்கைத் துண்டும். தம்பதியாக உட்கார்ந்தால்தான் இந்தப் பக்கத்தில் அது மரியாதை.

அது இருக்கட்டும். எனக்கு வியர்த்ததற்குக் காரணம் வேறு.

எங்கள் நகராட்சியில் சன்மானம் வாங்கியவன் எவனும் பழைய நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. போன வருஷம் வரி வசூலில் முதலாவதாக வந்த ரமணிக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையை அவர் மடித்து வைப்பதற்குள் ஊருக்கு மறுகோடிக்கு மாற்றல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் கணேஷ்குமார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவர் வீட்டாருக்கே சரியாகத் தெரியாது. கமிஷனரின் கணக்கு அது. நன்றாக வேலை செய்கிறவனை, வேலை கெட்டுக் கிடக்கும் இடத்துக்கு அனுப்பினால் அந்த இடமும் உருப்படுமாம். நியாயம்தான். ஆனால் என் ஊத்தப்பம்?

"நான் என்ன செஞ்சேன்னு எனக்குப் போய் குடுக்கறாங்க?" என்றேன்.

"அதுதான் சார் எங்களுக்கும் புரியல" என்றான் ஸ்ரீனிவாஸ். உண்மையான குழப்பத்தோடுதான் சொன்னான். "கார்ப்பரேட்டர் மைதிலி மேடமே உங்க பேரை எழுதிக் குடுத்தாங்களாம்."

மைதிலி மேடம் எங்கள் வார்டு கவுன்சில் உறுப்பினர். எனக்கும் அவருக்கும் வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை. என் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது? ஸ்ரீனிவாஸின் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்கள் என் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆகா, இவன் வேலைதான் என்று எனக்குப் பொறி தட்டியது.

நேராக வீட்டுக்கு ஓடினேன். விஜயகுமாரி மாவுக் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க, இன்னும் பத்தரைதானே ஆகுது? கல்லே காயலை."

"கல்லை விடு. என் தலைல கல் விழுந்துடுச்சு!"

சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ! சன்மானமா? அப்ப டிரான்ஸ்ஃபர் ஆயிடுமே!"

பார்த்தீர்களா? ஒரே நொடியில் விஷயத்தின் அடிவேருக்குப் போய்விட்டாள். மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த ஸ்ரீனிவாஸ் பண்ணின சதி இது" என்றேன்.

"யாரோ உங்க மேல அக்கறை உள்ளவங்க பண்ணியிருக்காங்க" என்றாள். "அதைப் பேசி என்ன ஆகப்போகுது? இப்ப தப்பிக்கற வழியைப் பாருங்க."

"என்ன வழி? வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"நக்கோ நக்கோ! வேணாம்! எழுதிக் குடுத்தா, 'எவ்வளவு அடக்கம்'னு இன்னும் பெரிய மாலையாப் போடுவாங்க. நீங்க கெட்ட பேரு வாங்கணும். மீட்டிங்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கில்ல? அதுக்குள்ள 'இவனுக்கா சால்வை?'ன்னு ஊரே காறித் துப்பணும்."

"நான்தான் ஏற்கெனவே ஒண்ணும் செய்யறதில்லையே!"

"நீங்க ஒண்ணும் செய்யாதது யாருக்கும் தெரியலையே. தெரியற மாதிரி செய்யாம இருங்க."

தெரிகிற மாதிரி செய்யாமல் இருப்பது. எவ்வளவு ஆழமான யோசனை! அன்றைக்கு ஊத்தப்பத்தில் வெங்காயம் கூடுதலாகப் போட்டிருந்தாள். அந்தச் சுவையில் என் தீர்மானமும் உறுதிப்பட்டது.

மறுநாள் லீவும் சொல்லாமல் மட்டம் போடுவது என்று ஏற்பாடு. ஆனால் எங்கே உட்காருவது? வீட்டில் இருந்தால் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு விடுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் மேலதிகாரியே வந்து பக்கத்தில் உட்காருவார்.

"குன்று ரோட்டு முனைல அந்தக் குப்பை மூலை இருக்கில்ல? அங்க வேப்ப மரத்தடில போய் உக்காருங்க" என்றாள் விஜயகுமாரி.

"அங்கயா? நாத்தம் தாங்காதே!"

"அதனாலதான் சொல்றேன். யாரும் தேடி வரமாட்டாங்க."

பிளாஸ்க்கில் காபி, கட்டம் போட்ட துண்டு, மடக்கு நாற்காலி, பேப்பர் எல்லாம் அவளே எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையையும் மாட்டிவிட்டாள்.

"இது எதுக்கு?"

"டியூட்டில இருக்கற ஆளு இங்க வந்து தூங்கறான்னு அப்பத்தானே தெரியும்!"

என்ன மூளை என்று வியந்தபடி போனேன்.

அந்த மூலை எங்கள் ஆபீஸுக்குப் பரம்பரைத் தலைவலி. நாங்கள் வெள்ளையடித்துக் கோலம் போட்டால், கோலத்தைச் சுற்றி அழகாகக் குப்பையை அடுக்கிவிட்டுப் போவார்கள். நான் நாற்காலியை விரித்துப் போட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்தேன். ஸ்கூட்டர் ஒன்று வந்து நிற்கும் சத்தம். துண்டை விலக்கிப் பார்த்தேன். பெரிய கறுப்புப் பையோடு ஒரு அம்மாள். என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். பையை மறுபடி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். குப்பை மூலையில் காற்று வாங்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்குப் பின் ஒருவர் மாற்றி ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்ததும் பையோடு திரும்பினார்கள். எனக்குத் தூக்கமே கெட்டது. சாயங்காலம் எழுந்து பார்க்கிறேன், காலையில் லாரி அள்ளிக்கொண்டு போன அந்த மூலை அப்படியே கண்ணாடி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு ஜெயச்சந்திரன் வாசலில் நின்றான். தமிழ்நாட்டிலிருந்து வந்து மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பையன். எதைக் கண்டாலும் ஃபோட்டோ எடுத்துக் காலனி வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவான்.

"சார், பின்னிட்டீங்க! வெயில்ல காலைல இருந்து காவல் இருந்திருக்கீங்க. நூத்துக்கணக்குல லைக்கு! மைதிலி மேடமே கைகூப்பி பொம்மை போட்டிருக்காங்க!"

காட்டினான். மரத்தடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கண் மூடியிருக்கிறது. கீழே 'குப்பைக்கு எதிராக ஒரு தவம்' என்று எழுதியிருக்கிறான். பாவி.

"நான் அங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஆன்ட்டிதான் சார். நீங்க டிபனை மறந்துட்டுப் போயிட்டீங்க, பாத்தா குடுத்துடுன்னாங்க. போய்ப் பாத்தா நீங்க தியானத்துல இருந்தீங்க. எழுப்ப மனசு வரல."

உள்ளே போய் விஜயகுமாரியிடம் கத்தினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பசியோட இருப்பீங்களேன்னு அனுப்பினேன். அது ஒரு குத்தமா?"

அது குற்றமா? இல்லை. அப்படியானால் யார் மேல் குற்றம்? எனக்குப் புரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று தேற்றிக்கொண்டேன்.

"சரி விடுங்க" என்று இரண்டாவது யோசனை சொன்னாள். "மட்டம் போட்டாத்தானே அதைச் சேவைன்னு தப்பா நினைச்சுக்கறாங்க? ஆபீஸ்லயே இருந்து எரிச்சல் மூட்டுங்க. எவன் எந்த பில்லைக் கொண்டு வந்தாலும், 'நேர்ல பாத்தாத்தான் கையெழுத்து'ன்னு சொல்லிடுங்க. அதைவிட மனுஷனுக்குக் கடுப்பேத்தற பேச்சு உண்டா? உங்களைத் திட்டி மேல எழுதிப் போட்டுடுவாங்க."

இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். பார்க்கில் பெஞ்சு போட்ட பில். எப்போதும் நான் பில்லையும் பார்க்கமாட்டேன், பெஞ்சையும் பார்க்கமாட்டேன். அன்றைக்கு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "நேர்ல பாத்தாத்தான் போடுவேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "எதைப் பாக்கணும் சார்?"

"பெஞ்சைத்தான். வேற எதை?"

"நாளைக்கு வெச்சுக்கலாமா சார்?"

"பரவாயில்ல, இப்பவே போலாம்."

"நக்கோ சார்! நாளைக்கு!" என்று எழுந்து ஓடினார். நன்றாக எரிச்சல் மூட்டிவிட்டோம், மேலே புகார் போகும் என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பார்க் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் பெஞ்சுகள். ராத்திரியோடு ராத்திரியாக முளைத்திருந்தன. பெயிண்ட் காயவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் உட்கார்ந்து எழுந்து, முதுகில் பச்சைக் கோடுகளோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தோம். உங்களாலதான் ஆச்சு. நல்லா இருப்பே தம்பி!"

வாழ்த்து கேட்டு வயிறெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விஷயம் மைதிலி மேடத்துக்குப் போனது. அங்கிருந்து கமிஷனருக்குப் போனது. ஆபீஸில் ஸ்ரீனிவாஸ் என்னை வேற்று கிரகத்து ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"சார், நீங்க முன்னாடி இப்படி இல்லையே. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நடிக்காத ஸ்ரீனிவாஸ்! என் நாற்காலி வேணும்னா நேரா கேளு."

"உங்க நாற்காலியா? அதுல ஒரு கால் ஆடும் சார். யாருக்கு வேணும்?" என்றான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அப்படியானால் ஃபேனை ஏன் பார்த்தான்? "அது கழண்டு விழுந்துடுமோன்னு பயம் சார்" என்றான். சதிகாரனும் இல்லாமல், நான் செய்த தவறும் தவறாகாமல், எல்லாம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்தது. மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

மீட்டிங்குக்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தேன். சேப்பங்கிழங்கு வறுவல். நெய் மணக்கும் பருப்பு. இதையெல்லாம் விட்டுவிட்டு எந்தக் கோடியிலோ போய், டப்பாவைத் திறந்து ஆறின சோற்றைப் பிசைந்து தின்னப் போகிறோமே என்று நினைத்தேன். நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு சொட்டு பருப்பில் விழுந்தது.

விஜயகுமாரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இளகியது. அப்புறம் எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி இறுகியது.

"கடைசியா ஒரு வழி இருக்கு" என்றாள். "சன்மானம்னா தம்பதியாத்தானே உக்காரணும்? நாளைக்கு எனக்குத் தலைவலி. நான் வரல. ஒத்தை ஆளுக்கு எப்படிப் போடுவாங்க?"

"விஜி!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ தெய்வம்!"

"கையைக் கழுவிட்டுப் பிடிங்க" என்றாள்.

மறுநாள் காலரில் நூல் பிரிந்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். விஜயகுமாரி நெற்றியில் தைலத்தைப் பூசிக்கொண்டு போர்வைக்குள் படுத்திருந்தாள். முனகல் அசலாகவே இருந்தது. நான் பஸ்ஸைப் பிடித்து, நெரிசலில் நின்றபடியே தலைமை ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். கவுன்சில் ஹாலில் எல்லா வார்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மைதிலி மேடம் வாசலிலேயே கைகூப்பி வரவேற்றார்.

"வாங்க சிவஞானம் காரு!" என்று தெலுங்கு மரியாதையோடு அழைத்தார்.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "மேடம், மன்னிக்கணும். வீட்ல கடுமையான தலைவலி. அவங்களால வர முடியல. தம்பதியா இல்லாம நான் மட்டும் சால்வை வாங்கறது மரியாதையா இருக்காது. இந்த வருஷம் வேற யாருக்காவது..."

மேடம் என் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தார். "நீங்க வேடிக்கையா பேசுவீங்கன்னு மேடம் சொன்னது நிஜம்தான்."

"எந்த மேடம்?"

திரும்பி மேடையைப் பார்த்தேன். நாற்காலிகளை ஜோடி ஜோடியாகப் போட்டிருந்தார்கள். முதல் ஜோடியில் ஒரு நாற்காலி காலி. இன்னொன்றில் அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் தைலத்துக்குப் பதில் குங்குமம். விஜயகுமாரி. கமிஷனரோடு தெலுங்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மேடையேறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தலைவலி?" என்றேன், உதடு அசையாமல்.

"நீங்க போனதும் போயிடுச்சுங்க."

"நான் பஸ்ல தொங்கிட்டு வந்தேன். நீ எப்படி எனக்கு முன்னாடி வந்தே?"

"மைதிலி மேடம் கார் அனுப்பினாங்க."

"மேடத்தை உனக்குத் தெரியுமா?"

"பதுக்கம்மா பண்டிகைக்கு ஒண்ணா பாட்டுப் பாடறோமே, தெரியாம என்ன?" என்றாள். "நேரா உக்காருங்க. ஃபோட்டோ எடுக்கறாங்க."

பதுக்கம்மாவுக்குப் பெண்கள் பூவை அடுக்கி வட்டமாகச் சுற்றிப் பாடுவார்கள். அதில் என் பெயர் எங்கே வந்தது? யோசிப்பதற்குள் பெரிய திரையில் என் படம் வந்தது. மரத்தடி, மடக்கு நாற்காலி, மூடிய கண். அடுத்து பச்சை பெஞ்சு. ஹாலே கைதட்டியது. சால்வை விழுந்தது. கேடயம் கைக்கு வந்தது. நான் எழுந்து, "இதுக்கெல்லாம் நான் தகுதியானவன் இல்ல, சத்தியமா இல்ல" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக நான் பேசியதே இல்லை. கைதட்டல் இரட்டிப்பானது.

"மேடமும் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார் மைதிலி.

விஜயகுமாரி மைக்கைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு எதையும் அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. சரளமான தெலுங்கில் பேசினாள். தமிழில் சொன்னால் இப்படி:

"எங்க வீட்டுக்காரருக்கு வேலைதான் உயிர். இந்தச் சின்ன வார்டு அவர் உழைப்புக்குப் போதல. வேலை எங்க மலை மாதிரி குவிஞ்சு கிடக்கோ அங்க அவரை அனுப்புங்க. எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி. காலைல போயி விளக்கு வெச்சப்புறம் வந்தாலும் சரி. பொது ஜனத்துக்காக இந்தப் பிரிவை நான் தாங்கிக்கறேன்."

பெண் உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கமிஷனர் எழுந்தார். மாதாப்பூர் பக்கத்தில் ஒரு ஆபீஸில் ஃபைல்கள் தரையிலிருந்து கூரை வரை தேங்கிக் கிடப்பதாகவும், இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். மாதாப்பூர்! எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது ஊரின் மறுகரை. பஸ், மெட்ரோ, மறுபடி மெட்ரோ, அப்புறம் ஷேர் ஆட்டோ. "சார், நக்கோ சார்!" என்று எழுந்தேன்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார் கமிஷனர். மறுபடி கைதட்டல்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன் விஜி அப்படிப் பேசினே?"

"மைக்கைப் பாத்ததும் உணர்ச்சிவசப்பட்டுட்டேங்க" என்று வெளியே பார்த்துக்கொண்டாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பதுக்கம்மா பாட்டு மாதிரி இருந்தது. உணர்ச்சிவசப்பட்ட பெண் ஏன் பாட வேண்டும்? ஒன்றும் விளங்கவில்லை. கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதில் என் பெயர் மட்டும் சரியாக இருந்தது.

அடுத்த வாரம் மாதாப்பூரில் சேர்ந்தேன். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் எங்கள் ஆபீஸ் மட்டும் செங்கல்லில் இருந்தது. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். சாம்பார் சாதம் கட்டியாக, டப்பாவின் வடிவத்திலேயே வந்தது. ஒரு வாய் வைத்தேன். தொண்டை விசாரணையை ஆரம்பித்தது. மூடிவிட்டேன். ஃபைல்கள் என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். ஓடிப்போக வீடு அருகில் இல்லாததால், வேறு வழியில்லாமல் ஒரு ஃபைலைப் படித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பசியும் களைப்புமாகத் தெருமுனையில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே பெண்கள் குரலும் சிரிப்பும். என் வருகைக்காகக் காலனிப் பெண்கள் கூடியிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. விஜயகுமாரியின் குரல் கேட்டது.

"...பன்னெண்டரைக்கு வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா பகல்ல அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டு! குக்கரை இறக்கினதும் நானே தட்டு வெச்சு உக்காந்தேன். ஆவி பறக்கற சாதம், கொதிக்கக் கொதிக்க ரசம். நாக்கு சுட்டுப் போச்சு. எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா? எனக்கு அழுகையே வந்துடுச்சு. இத்தனை வருஷமா அவருக்குச் சூடா போட்டுட்டு, அவர் தூங்கினதும் அடில ஆறிக் கிடக்கறதைத்தானே சாப்பிட்டேன். அப்புறம் படுத்தேன். நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டியை வைக்கணுமேங்கற நெனைப்பே இல்லாம, நாலரை வரைக்கும் தூங்கினேன்."

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மைதிலி மேடத்துக்கு என் பெயர் தெரிந்தது, குப்பை மூலை, அடையாள அட்டை, பெஞ்சு, தலைவலி எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. கோபம் வர வேண்டும் என்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். வரவில்லை. அவள் எப்போது சாப்பிடுவாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதுதான் வந்து நின்றது. டப்பாவில் மிச்சமிருந்த சாம்பார் சாதம் கையில் கனத்தது.

அப்போது ஸ்ரீனிவாஸின் மனைவி பிந்துவின் குரல் கேட்டது. "அக்கா, அடுத்த வருஷம் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு சன்மானம் ஏற்பாடு பண்ணணும். அவரும் மூணு வேளை வந்து நிக்கறாரு. நீங்க சொன்ன அதே யோசனையெல்லாம் அவர்கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா? ஒரே பயம் என்னன்னா..."

"என்ன பயம்?"

"அவருக்குக் கொஞ்சம் விஷயம் புரியும்க்கா."

என் மனைவி என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கையோடு கதவில் காதை வைத்தேன்.

"அப்படின்னா கஷ்டம்தான் பிந்து" என்றாள்.